கலப்பதுதான் குற்றம்

புதுக்கோட்டை நகரத்துக்குக் கிழக்கே, சில மைல் தூரத்தில், பொற்பனைக்கோட்டை என்று ஓர் இடம் இருக்கிறது. பழங்காலக் கோட்டை ஒன்றின் மண்மேடும் அகழியும் அங்கே இன்றும் தெரிகின்றன. 2021-ஆம் வருஷம் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்வாராய்ச்சி நடத்தினார்கள். 2023-இல் மாநிலத் தொல்லியல் துறையும் தோண்டத் தொடங்கியது. பானை ஓடுகள் கிடைத்தன. வளையல் துண்டுகளும் மணிகளும் கிடைத்தன. பத்திரிகைகளில் படங்கள் வந்தன. நம் ஜில்லாவின் பழமையை எண்ணி நாமும் பெருமைப்பட்டோம்.

அந்தப் பானை ஓடுகள் என்ன? ஒரு காலத்தில் யாரோ ஓர் அம்மாள், பானை உடைந்து போயிற்றே என்று வருந்தி, வெளியே எறிந்தவைதாம். அதாவது, குப்பை!

ஆனால் எத்தனை சாதுவான குப்பை அது! பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்தும் அது மண்ணைக் கெடுக்கவில்லை. கிணற்று நீரில் விஷம் சேர்க்கவில்லை. எந்த மாட்டின் வயிற்றிலும் போய் அடைத்துக் கொள்ளவில்லை. அந்த வீட்டில் மிஞ்சிய மற்றவை எல்லாம் மக்கி மண்ணாகி, அந்த மண்ணில் எத்தனையோ தலைமுறைகள் பயிர் செய்தும் முடித்து விட்டன.

இன்று காலை நம் வீட்டிலிருந்து வெளியே போன குப்பையைப் பற்றி இப்படிச் சொல்ல முடியுமா?

முடியாது. அதற்குக் காரணம் நாம் நிறையக் குப்பை போடுகிறோம் என்பது மட்டும் அல்ல. வீடு என்று இருந்தால் குப்பை இருக்கும். காய் நறுக்கினால் தோல் விழும். பிள்ளைகள் இருந்தால் காகிதம் கிழியும். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே வாளியில் போட்டுக் கலந்து விடுகிறோமே, அதுதான் குற்றம். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான்.

ஒரு வாளிக்குள் நடப்பது

ஒரு நடுத்தரக் குடும்பத்தின் சமையலறை வாளியை எடுத்துக் கொள்வோம். காலையில் டீத்தூள் சக்கை விழுகிறது. பிறகு பால் உறை. வாழைக்காய்த் தோல். முந்தின நாள் மிஞ்சிய குழம்பு. ஷாம்பு வந்த சிறு பொட்டலம். ஐயா சவரம் செய்து கொண்ட பிளேடு. பாட்டி சாப்பிடாமல் விட்டதால் கெடு முடிந்து போன மாத்திரைகள். குழந்தையின் டயப்பர். இரவுக்குள் வாளி நிறைந்து விடுகிறது.

இவற்றைத் தனித்தனியே பாருங்கள். டீத்தூளும் தோலும் எருவாகும். பால் உறையைக் கழுவி வைத்தால் பழைய சாமான் கடைக்காரர் எடைக்கு எடுத்துக் கொள்வார். பிளேடும் மாத்திரையும் அளவில் மிகச் சிறியவை. ஜாக்கிரதையாகக் கட்டிக் கொடுத்தால் அபாயம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி இருக்கிறது.

கலந்த பிறகோ எதற்கும் வழி இல்லை. பிளேடு கிடப்பதால் தோல் எருவாக உதவாது. குழம்பு ஊறியதால் பால் உறை விலை போகாது. டயப்பரும் மாத்திரையும் சேர்ந்ததால் வாளி முழுவதும் தொடத் தகாததாகி விட்டது. காலையில் உபயோகமாக இருந்த பொருள்களை மாலைக்குள் நாமே குப்பை ஆக்கி விட்டோம்.

நம் கிராமங்களில் இந்தச் சொல்லுக்கு இருந்த பொருளே வேறு. "வயலுக்குக் குப்பை அடித்தாயிற்றா?" என்று ஒரு குடியானவர் இன்னொருவரைக் கேட்பார். குப்பை என்றால் அவருக்கு எரு. வீட்டுக்குப் பின்னால் எருக்குழி இருக்கும். சாணமும் சாம்பலும் சருகும் அதில் சேரும். கோடையில் வண்டியில் ஏற்றி வயலுக்குக் கொண்டு போவார்கள். குப்பை சேருவது சொத்து சேருவது போல. ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கில விவசாய விஞ்ஞானி 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து, எரு தயாரிக்கும் முறை ஒன்றை வகுத்து உலகுக்குக் கொடுத்தார். "இந்தூர் முறை" என்று அதற்குப் பெயர். இந்தியக் குடியானவர்களைத் தம் ஆசிரியர்கள் என்று சொல்லிக் கொண்டவர் அவர். அப்படிப்பட்ட ஆசிரியர்களின் பேரப் பிள்ளைகள் நாம்!

பிரிப்பவர் கை

வீட்டில் பிரிக்காவிட்டால் குப்பை பிரிக்கப்படாமலே போய் விடுகிறது என்று நினைக்க வேண்டாம். பிரிக்கப்படத்தான் செய்கிறது. எப்படி என்பதை ஒரு நாள் காலை தெரு வாசலில் நின்று கவனித்துப் பாருங்கள்.

தள்ளு வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் நம் வாளியைக் கவிழ்க்கிறார். குனிந்து கையை உள்ளே விடுகிறார். பாட்டிலை ஒரு பக்கம் போடுகிறார். உறையை ஒரு சாக்கில் திணிக்கிறார். உறை போட்ட கையாக இருந்தாலும், உடைந்த கண்ணாடிக்கும் ஊசிக்கும் அந்த உறை எம்மாத்திரம்? சர்க்கரை வியாதிக்கு வீட்டிலேயே ஊசி போட்டுக் கொள்பவர்கள் இன்று தெருவுக்குப் பலர். அந்த ஊசி எங்கே போகிறது என்று அவர்கள் நினைத்துப் பார்ப்பதுண்டா? பயன்படுத்திய ஊசி குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி முதலாகக் கொடிய நோய்கள் தொற்றலாம்.

நம் வீட்டுச் சாமானைப் பிரிக்க நமக்கு அருவருப்பாக இருக்கிறது. ஊரார் வீட்டுச் சாமானைப் பிரிக்க அவருக்கு மட்டும் அருவருப்பு இராதா? சில ஜாதியாரின் தலையில் இந்த வேலையைப் பரம்பரையாகக் கட்டி வைத்த தேசம் இது. மனிதக் கழிவை மனிதன் கையால் அள்ளுவதைத் தடுக்க 2013-இல் புதிய சட்டமே வந்தது. அப்படியிருக்க, வாளியில் டயப்பரைக் கலந்து வைப்பவர் அதே வேலையை வேறு வழியில் ஒருவர் தலையில் கட்டுகிறார் அல்லவா?

மேடு வளர்ந்த கதை

பணியாளர் எடுத்தது போக மிச்சம் எங்கே போகிறது? புதுக்கோட்டை நகரத்தின் குப்பை பல வருஷங்களாகத் திருக்கட்டளையில் உள்ள கிடங்குக்குப் போய் வந்தது. திருக்கட்டளை என்றால் சரித்திரம் படித்தவர்களுக்கு முற்காலச் சோழர் காலத்துக் கற்கோயில் நினைவுக்கு வரும். நகரவாசிகளுக்கோ குப்பைக் கிடங்கும் நினைவுக்கு வந்தது. புதுக்கோட்டை மட்டும் அல்ல, தமிழ்நாட்டில் ஏறத்தாழ ஒவ்வொரு நகரத்துக்கும் இப்படி ஒரு பக்கத்து ஊர் உண்டு. நகரம் சுத்தமாக இருப்பதற்கு அந்த ஊர் விலை கொடுக்கிறது.

கலந்த குப்பை மேடாகக் குவிந்தால் என்ன ஆகும்? அடியில் காற்றுப் புகாது. காற்றில்லாமல் அழுகும் பொருள் மீத்தேன் என்ற வாயுவை வெளியிடும். அது தீப்பற்றும் வாயு. மேலே பிளாஸ்டிக்கும் காகிதமும் காய்ந்து கிடக்கும். ஒரு பொறி விழுந்தால் போதும். 2023 மார்ச்சு மாதத்தில் கொச்சி நகரத்துக்குப் பக்கத்தில் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு பற்றிக்கொண்டு பத்து நாளுக்கு மேல் புகைந்தது. நகரத்து ஜனங்கள் மூச்சு விடக் கஷ்டப்பட்டார்கள்.

கொழும்பு நகரத்தில் நடந்தது அதைவிடக் கொடுமை. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். மீதொட்டமுல்ல என்ற இடத்தில் மலைபோல் வளர்ந்திருந்த குப்பை மேடு சரிந்து பக்கத்து வீடுகளின் மேல் விழுந்தது. பண்டிகை நாளில் வீட்டிலிருந்த 30-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டு போனார்கள். அவர்களைக் கொன்றது பூகம்பம் அல்ல, புயல் அல்ல. ஊரார் தினந்தோறும் வீசிய பொட்டலங்கள்!

மேட்டைக் கரைக்க இப்போது ஒரு முறை இருக்கிறது. பழைய குப்பையைக் கிளறி, சலித்து, மண்ணை ஒரு பக்கமும் கல்லை ஒரு பக்கமும் பிளாஸ்டிக்கை ஒரு பக்கமும் பிரிக்கிறார்கள். பிளாஸ்டிக்கைச் சிமெண்டு ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்புகிறார்கள். தமிழ்நாட்டு நகரங்கள் பலவற்றில் இந்த வேலை நடந்திருக்கிறது. நல்ல காரியந்தான். ஆனால் இதற்கு ஆகும் செலவு யாருடையது? நம் வரிப் பணம். வீட்டில் அரை நிமிஷத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலையை, வருஷக்கணக்கில் அழுகவிட்டு, யந்திரம் வைத்துச் செய்து கொண்டிருக்கிறோம்.

கண்மாய் நாட்டில்

நம் ஜில்லாவுக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. இது காவிரி பெருகி ஓடும் பூமி அல்ல. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கே இல்லை. வானம் பொழிவதைக் கண்மாயிலும் ஊருணியிலும் பிடித்து வைத்துப் பிழைத்த சீமை இது. ஒரு கண்மாய் நிறைந்தால் கலிங்கு வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். வரத்துவாரியில் ஒருவர் கொட்டிய குப்பை, அடுத்த மழையில் ஐந்து ஊரின் தண்ணீரில் கலக்கும். குப்பை மேட்டின் வழியாக இறங்கும் மழைநீர் கறுப்புச் சாறாகக் கசியும். அதில் மின்கலத்தின் ஈயமும் குழல் விளக்கின் பாதரசமும் கரைந்திருக்கலாம். கிணற்றில் எட்டிப் பார்த்தால் அது கண்ணுக்குத் தெரியாது.

சமஸ்தான காலத்தில் 1878 முதல் 1894 வரை ஆட்சிப் பொறுப்பில் இருந்த சேஷய்ய சாஸ்திரியாரை இந்த நகரம் எதற்காக நினைத்திருக்கிறது? அவர் செய்த காரியங்கள் பல. அவற்றுள் முக்கியமானது குளங்களைச் சீர் செய்தது. பல்லவன் குளமும் புதுக்குளமும் அவர் பெயரை இன்றும் சொல்லுகின்றன. குளத்தைக் காப்பதே ஊரைக் காப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அவருக்கு மட்டும் அல்ல, எழுத்தறியாத கிராமத்தாருக்கும் தெரிந்திருந்தது. குடிதண்ணீர் ஊருணியில் இறங்கிக் குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாட்டை விடக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு உண்டு. எந்த இன்ஸ்பெக்டர் வந்து அபராதம் போட்டார்? ஊரே காவல். குடிக்கிற நீரையும் குளிக்கிற நீரையும் கலக்கக் கூடாது என்ற அறிவு நமக்குப் புதிதல்ல.

வெள்ளாறு மணமேல்குடிக்கு அருகே கடலில் கலக்கிறது. கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் மீன் பிடித்து வாழும் கடற்கரை நம்முடையது. அந்தப் பாக் விரிகுடாவில், தஞ்சை, புதுக்கோட்டை ஜில்லாக்களின் கரையை ஒட்டி, 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுவின் பாதுகாப்பிடமாகத் தமிழ்நாடு சர்க்கார் 2022 செப்டம்பரில் அறிவித்தது. கடலடிப் புல்லை மேய்ந்து வாழும் பரம சாதுவான பிராணி அது. நம் வாய்க்காலில் மிதக்கும் உறை கடைசியில் போய்ச் சேருவது அதன் மேய்ச்சல் நிலத்தில்.

கரையில் மேயும் பசுவின் கதியும் அதேதான். வருஷத்தின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் நம் தச்சன்குறிச்சியில்தான் நடக்கிறது. காளையைப் பிள்ளைபோல் வளர்க்கும் ஜனங்கள் நாம். ஆனால் மிஞ்சின சோற்றைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து எறிகிறோம். பசுவுக்கு முடிச்சவிழ்க்கத் தெரியுமா? பையோடு விழுங்குகிறது. அது வயிற்றில் செரியாமல் வருஷக்கணக்கில் சேர்ந்து உயிரையே வாங்கி விடுகிறது.

கொளுத்தினால் தீருமா?

"வம்பே வேண்டாம், மூலையில் குவித்துக் கொளுத்தி விடுகிறேன்" என்பவர் உண்டு. சருகை எரித்த காலத்துப் பழக்கம் இது. இன்று எரிவது சருகு அல்ல. சில வகைப் பிளாஸ்டிக் தாழ்ந்த சூட்டில் எரியும்போது டையாக்சின் என்ற கொடிய நஞ்சு பிறக்கிறது. சிமெண்டு ஆலையின் உலையில் ஆயிரத்து நானூறு டிகிரிக்கு மேல் சூடு இருக்கும். அங்கே அது சிதைந்து போகும். நம் தெரு மூலையில் அந்தச் சூடு ஏது? புகை பக்கத்து வீட்டுத் தொட்டில் குழந்தையின் மூச்சில் போய்ச் சேருகிறது. குப்பை தீரவில்லை, ஆவியாகி வீட்டுக்குள் திரும்பி வருகிறது.

புதைப்பதும் தீர்வல்ல. மண்ணுக்குள் விரிந்து கிடக்கும் பிளாஸ்டிக் தாள் மழைநீரை உள்ளே இறங்க விடாது.

மூன்று பாத்திரம் போதும்

அப்படியானால் என்ன செய்வது? பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மூன்று பாத்திரம் வைக்க வேண்டும். 2016-இல் மத்திய சர்க்கார் வெளியிட்ட திடக்கழிவு விதிகளும் மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றுதான் சொல்லின.

முதலாவது, மக்கும் குப்பைக்கு. நம் ஊர்க் குப்பையில், எடைக் கணக்கில், ஏறத்தாழப் பாதி இதுதான். கொல்லையில் சிறிது இடம் இருந்தால் இதை வெளியே அனுப்பவே வேண்டாம். பக்கத்தில் துளையிட்ட பழைய வாளியோ மண் தொட்டியோ போதும். அடியில் தேங்காய் நாரும் சருகும் போடுங்கள். அன்றன்றைய தோலையும் சக்கையையும் கொட்டி, அதைப்போல் இரண்டு பங்கு காய்ந்த சருகை மேலே தூவுங்கள். புளித்த மோர் கொஞ்சம் தெளிக்கலாம். நாலு நாளுக்கு ஒருமுறை கிளறி விடுங்கள். நாற்றம் அடித்தால் ஈரம் அதிகம், சருகு சேருங்கள். மக்காமல் காய்ந்து கிடந்தால் நீர் தெளியுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் முதல் மழை பெய்த மண்போல் மணக்கும் எரு கிடைக்கும். இறைச்சியும் எண்ணெய்ப் பண்டமும் மட்டும் இதில் வேண்டாம். ஈயும் எலியும் வரும்.

இரண்டாவது, காய்ந்த குப்பைக்கு. காகிதம், அட்டை, பாட்டில், உறை, தகரம். பால் உறையை ஒரு முறை அலசிக் கவிழ்த்து வையுங்கள். வெட்டும்போது மூலையைத் தனியே துண்டாக்கி விடாதீர்கள். அந்தச் சிறு துண்டை யாராலும் பொறுக்க முடியாது. இதை வாரம் ஒரு முறை கொடுத்தால் போதும். சில ரூபாய் வரும்படியும் உண்டு.

மூன்றாவது, அபாயமான குப்பைக்கு. ஊசி, பிளேடு, உடைந்த கண்ணாடி ஆகியவற்றைக் கெட்டியான டப்பாவில் போட்டு மூடியை ஒட்டுங்கள். அணையாடை, டயப்பர் ஆகியவற்றைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு குறி போடுங்கள். கையில் எடுப்பவருக்கு அதுவே எச்சரிக்கை. மின்கலம், பல்பு, பழைய மாத்திரை, பெயிண்ட் டப்பா ஆகியவை தனிப் பெட்டியில் இருக்கட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், வாங்கும்போதே குறைப்பது நல்லது. ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் சாமான்களைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 2021 டிசம்பரில் மஞ்சள் பையை மீண்டும் எடுக்கச் சொல்லி இயக்கம் தொடங்கியது. ஆனாலும் சூடான டீயையும் சாம்பாரையும் மெல்லிய பையில் கட்டித் தரும் கடைகள் மறையவில்லை. வாங்க ஆள் இருக்கும் வரையில் விற்கவும் ஆள் இருக்கும். கல்யாணத்தில் வாழை இலை போட்டால் மாட்டுக்கும் ஆகும், எருவுக்கும் ஆகும். அதன்மேல் பிளாஸ்டிக் டம்ளரை வைத்துச் சுருட்டி எறிந்தால் எதற்கும் ஆகாது.

நகரசபையும் நாமும்

"நாங்கள் பிரித்துக் கொடுக்கிறோம், வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி விடுகிறார்களே!" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. குடும்பத் தலைவி மூன்று பாத்திரம் வைத்துப் பாடுபட்டதை வண்டி ஒரே நொடியில் வீணாக்கினால், மறுநாள் அவர் ஏன் பிரிக்கப் போகிறார்? வண்டியில் தனித்தனி அறை இருக்க வேண்டும். எரு மையங்கள் நாள் தவறாமல் வேலை செய்ய வேண்டும். பணியாளருக்கு நல்ல கையுறையும் காலணியும் உரிய ஊதியமும் வேண்டும். 2024-இல் புதுக்கோட்டை மாநகராட்சியாக உயர்ந்தது. பெயர் பெரிதானால் பொறுப்பும் பெரிதாகும். எருவாகாத பொட்டலங்களைக் கோடிக்கணக்கில் விற்கும் கம்பெனிகளையும் அவற்றைத் திரும்பப் பெறச் சொல்லிக் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் வண்டி சரியாகட்டும், பிறகு நான் பிரிக்கிறேன் என்று காத்திருப்பது சரியல்ல. பிரித்துக் கொடுத்த தெருதான் "ஏன் கலந்தாய்?" என்று கேட்க முடியும். கலந்து கொடுத்த தெருவுக்கு அந்த வாய் கிடையாது.

சைக்கிள் ஓட்டிய ஜில்லா

"நம் ஜனங்களா? இவர்களாவது மாறுவதாவது!" என்று தலையை ஆட்டுபவர்களுக்கு ஒரு விஷயம் நினைவூட்ட விரும்புகிறேன்.

1991-இல் இந்த ஜில்லாவில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். கேலி செய்தவர்கள் உண்டு. புடவை கட்டிய பெண் சைக்கிளில் ஏறுவதா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. குவாரியில் கல் உடைக்கும் பெண்களும் வயலில் நாற்று நடும் பெண்களும் அதைப் பொருட்படுத்தவில்லை. 1992-ஆம் வருஷ மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக் கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். உலகம் திரும்பிப் பார்த்தது.

தலைமுறை தலைமுறையாக இருந்த ஒரு பழக்கத்தை ஒரு வருஷத்துக்குள் மாற்றிய ஜில்லா இது. அதைச் செய்தது யந்திரமா? அபராதமா? ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தார்கள். தெருவில் ஒருத்தி ஓட்டினாள்; அதைப் பார்த்து மற்றவள் ஏறினாள். அவ்வளவுதான்.

குப்பையைப் பிரிப்பது சைக்கிள் ஓட்டுவதைவிடக் கஷ்டமான வேலை அல்ல. விழுந்து முட்டியைச் சிராய்த்துக் கொள்ள வேண்டியதும் இல்லை. நாளைக் காலையில் ஒரு வாளிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பாத்திரம் வையுங்கள். பிளேடையும் ஊசியையும் முதலில் பிரியுங்கள். மற்றவை பிறகு வரும். வண்டியோடு வருகிறவர் அன்று நம் வாளியில் கை வைக்கும்போது, அது காயம் படாமல் வெளியே வரட்டும்.